ஒழுகாத சிலிண்டர் செய்வது எப்படி?

உங்கள் வீட்டுக் கராஜில் ஒரு விமானம் பாதி கட்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இறக்கைகள் சுவரோரம் சாய்ந்திருக்கின்றன. வால் உத்தரத்தில் தொங்குகிறது. மூன்று வருடமாகக் கார் வெளியே பனியில் நனைகிறது. பிரேக்குக்கு மாஸ்டர் சிலிண்டர் வாங்கும் நாள் வருகிறது. விலைப்பட்டியலைத் திறக்கிறீர்கள். உள்ளங்கையில் அடங்குகிற ஓர் அலுமினியக் குழல், அதற்குள் ஒரு தண்டு, ஒரு ஸ்பிரிங், இரண்டு மூன்று ரப்பர் வளையங்கள். ஒன்று நூற்றுச் சொச்சம் டாலர். விமானிக்கு இரண்டு, பக்கத்து இருக்கைக்கு இரண்டு, ஆக நான்கு. "இதுல என்ன பெரிய வித்தை இருக்கு? ஓட்டையப் போட்டுக் குச்சியச் சொருகினா முடிஞ்சுது" என்று வாய் தானாகச் சொல்லும். சொல்லிவிட்டீர்களா? நல்லது. மேலே படியுங்கள்.

நான் அதைச் சொல்லி நான்கு வருடம் ஆகிறது. சொந்த ஊர் கோயம்புத்தூர், இருப்பது இல்லினாய்ஸ். பிழைப்புக்குக் கம்ப்யூட்டர், பிடிவாதத்துக்கு விமானம்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். இந்த வேலையில் நமக்குச் சாதகமாக இருப்பது அது ஒன்றுதான். அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ., வீட்டில் கட்டிய விமானத்துக்குச் 'சோதனை' வகையில் சான்றிதழ் கொடுக்கிறது. கட்டுமான வேலையில் பெரும்பகுதியை அமெச்சூர்கள் தங்கள் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டுமே செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பாதிக்கு மேல் என்ற அர்த்தத்தில் இதை 51 சதவீத விதி என்பார்கள். 'பொழுதுபோக்கு' என்ற வார்த்தை சட்டத்திலேயே இருப்பதை என் மனைவியிடம் காட்டினேன். "யாருக்கு?" என்று கேட்டாள்.

சிலிண்டரைக் கடையில்தான் வாங்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அதற்குப் பதிலாக, விமானத்தில் ஏறும் இடத்தில் 'எக்ஸ்பெரிமென்டல்' என்று குறைந்தது 2 அங்குல உயரத்தில் எழுதி ஒட்டச் சொல்கிறார்கள். உள்ளே உட்கார்ந்தால், இது அமெச்சூர் கட்டிய விமானம், வழக்கமான விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல என்று இன்னொரு பலகை. வழக்கமாக முதல் 25 அல்லது 40 மணி நேரம், இன்ஜினையும் புரொப்பெல்லரையும் பொறுத்து, குறித்துக் கொடுத்த எல்லைக்குள்ளேயே பறக்க வேண்டும். மற்றபடி உங்கள் சுதந்திரத்தில் யாரும் தலையிட மாட்டார்கள். தலையிட்டிருக்கலாம் என்று பிறகு தோன்றும்.

தேவையான பொருட்கள்: 6061 அலுமினிய உருளைக்கம்பி ஓர் அடி. லேத் ஒன்று. லேத்தின் விலைக்கு எட்டு சிலிண்டர் வாங்கலாம்; இதை வீட்டில் சொல்ல வேண்டாம். மைக்ரோமீட்டர், துளையின் உள்விட்டம் அளக்கும் கேஜ், ஹோன், ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் ஒரு பை, சிவப்பு ஹைட்ராலிக் எண்ணெய் ஒரு டின், பழைய பனியன் துணி வேண்டிய மட்டும். பனியன் துணியை எல்லோருமே குறைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள்.

தத்துவம் எளிது. பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார்: மூடிய பாத்திரத்தில் இருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் போய்ச் சேரும். உங்கள் சிலிண்டரின் விட்டம் 16 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 2 சதுர சென்டிமீட்டர். முன்பாதத்தால் 40 கிலோ அழுத்துகிறீர்கள். எண்ணெயில் சதுர சென்டிமீட்டருக்கு 20 கிலோ ஏறுகிறது. அதே எண்ணெய் சக்கரத்தில் இருக்கும் 40 மில்லிமீட்டர் பிஸ்டனைத் தள்ளும்போது 250 கிலோவாகிவிடும். இனாமாக இல்லை. அங்கே பிஸ்டன் 1 மில்லிமீட்டர் நகர, இங்கே உங்கள் கால் 6 மில்லிமீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். பாஸ்கல் வட்டிக்கடைக்காரர் மாதிரி, ஒரு பைசா விட மாட்டார்.

இவ்வளவு விசை எதற்கு? 800 கிலோ விமானம் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொட்டால், அதில் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 309 கிலோஜூல். ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் இரண்டு பிரேக் டிஸ்க்கில் சூடாக இறங்கும், ஓ-ரிங்குக்கும் எண்ணெய்க்கும் இரண்டு விரற்கடை தூரத்தில். இன்னொன்றும் உண்டு. வீட்டில் கட்டுவதற்கான விமானக் கிட் விற்கும் வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி ரகங்களில் மூக்குச் சக்கரம் வைத்தவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சக்கரம் சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டிச் சக்கரம் போல இஷ்டத்துக்குத் திரும்பும். தரையில் மெதுவாக ஊர்ந்து போகும்போது இடது பிரேக்கை அழுத்தினால் இடது பக்கம், வலதை அழுத்தினால் வலது பக்கம். ஆக உங்கள் சிலிண்டர் ஒழுகினால் பிரேக்கோடு ஸ்டியரிங்கும் போய்விடும்.

இனி செய்முறை. கம்பியை லேத்தில் பிடியுங்கள். முகப்பைச் சீவுங்கள். நடுவில் துளை போடுங்கள். போரிங் பாரை உள்ளே விட்டு, முடிவான அளவுக்கு ஒரு மயிரிழை குறைவாகத் துளையை அகலப்படுத்துங்கள். இதுவரை வெண்ணெயை வெட்டுவது போலப் போகும். அலுமினியச் சுருள் பளபளவென்று வந்து விழும். நான் அதைப் படமெடுத்து உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கோயம்புத்தூர் கணபதியில் நாற்பது வருடம் லேத் பட்டறை வைத்திருந்த என் மாமா அடுத்த நிமிடம் வீடியோவில் வந்தார்.

"மாப்ள, அந்த மிசின ஓட்டு பாக்கலாம்."

ஓட்டினேன். இரண்டு நொடி கேட்டார்.

"நிறுத்து கண்ணு. டூலு அழுகுது."

எனக்குக் கேட்டது லேத் ஓடுகிற சத்தம் மட்டும்தான். பத்து மில்லிமீட்டர் பாரை எழுபது மில்லிமீட்டர் நீளத்துக்கு வெளியே நீட்டிக் கட்டியிருந்தேன். தடிமனைப்போல நாலு மடங்குக்கு மேல் நீட்டினால் இரும்பு பார் அதிரும், அந்த அதிர்வெல்லாம் துளைச் சுவரில் வரிவரியாகப் பதிந்துவிடும் என்றார். டார்ச் அடித்துப் பார்த்தேன். தென்னை மரத்தில் இருப்பதுபோல் வளையம் வளையமாக இருந்தது. "உப்புத்தாள் போட்டுத் தேச்சா சரியாயிடுமா மாமா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் போனை அத்தையிடம் கொடுத்துவிட்டார்.

நான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ஒரு மரக்குச்சியில் சுற்றி, உள்ளே வெளியே, உள்ளே வெளியே என்று இருபது நிமிடம். சுவர் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டதாகத் தோன்றியது. ஓ-ரிங் ஓடுகிற சுவரின் கரடு 0.4 மைக்ரானுக்கு மேல் போகக்கூடாது; நம் தலைமுடியே சுமார் 70 மைக்ரான் இருக்கும். அந்த அளவில் கண்ணை நம்பிப் பிரயோஜனமில்லை. அதைவிட முக்கியம் கீறல் போகும் திசை. வட்டமாகச் சுற்றிப் போன கீறலை ஓ-ரிங் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். நீளவாக்கில் போன கீறல் எண்ணெய்க்கு வெட்டிக் கொடுத்த வாய்க்கால். நான் இருபது நிமிடம் சிரத்தையாக வாய்க்கால் வெட்டியிருக்கிறேன். சரி, அப்படியானால் அப்பழுக்கில்லாமல் வழுவழுவென்று ஆக்கிவிடலாமா என்றால் அதுவும் கூடாது. எண்ணெய் ஒரு படலமாகத் தங்க இடம் வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் காய்ந்து தேயும். அதனால்தான் ஹோன் என்ற கருவி. சுழன்றுகொண்டே மேலும் கீழும் போய், பாய் பின்னியதுபோல் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய வரிகளை விட்டுப் போகும்.

அந்த ஜூலையில் என் முதல் சிலிண்டரை ஆஷ்காஷுக்கு எடுத்துப் போனேன். ஈ.ஏ.ஏ. என்கிற சோதனை விமானச் சங்கத்தை 1953-ல் மில்வாக்கியில் பால் போபரெஸ்னியும் நண்பர்களும் ஆரம்பித்தார்கள். 1970 முதல் அதன் வருடாந்தரத் திருவிழா விஸ்கான்சினில் இருக்கும் ஆஷ்காஷில் நடக்கிறது. அந்த வாரம் அங்கே யாரைக் கேட்டாலும் ஏதாவது ஒன்றை வீட்டில் செய்தவராகத்தான் இருப்பார். ஒரு பந்தலில், ஓய்வு பெற்ற டூல் மேக்கர் ஒருவர், எண்பது வயது இருக்கும், தொப்பியைச் சரிசெய்துகொண்டு என் சிலிண்டரைக் கையில் வாங்கினார். வெளிப்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. சுண்டு விரலை உள்ளே விட்டு, நக நுனியால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். நகம் மூன்று இடத்தில் தட்டி நின்றதை நானே பார்த்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டு, "அழகான பேனா ஸ்டாண்டு" என்றார்.

எந்தக் கேஜும் வாங்கும் முன் நகத்தை வளருங்கள்.

அடுத்து ஓ-ரிங். இதைச் செய்ய முயல வேண்டாம், வாங்கிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் நான் கொடுக்கும் ஒரே நேர்மையான ஆலோசனை இது. ஆனால் அது உட்காரும் பள்ளத்தை நீங்கள்தான் வெட்ட வேண்டும், வித்தை முழுக்க அங்கேதான் இருக்கிறது. லண்டனில் ஜோசப் பிராமா 1795-ல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். தத்துவம் சரியாக இருந்தது, தண்ணீர் பிஸ்டன் ஓரமாகப் பீய்ச்சிக்கொண்டு வந்தது. அவர் பட்டறையில் இருந்த ஹென்றி மாட்ஸ்லேதான் தோலில் ஒரு கிண்ணம் செய்து அதை அடைத்தார் என்கிறார்கள். உள்ளே அழுத்தம் ஏற ஏற, கிண்ணத்தின் விளிம்பு விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். நம் தெரு அடிபம்புக்குள் இருந்த தோல் வாஷரும் அந்த ஜாதிதான். அது காய்ந்து கிடக்கும் காலையில், மேலே ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு அடித்தவர்களுக்கு ஹைட்ராலிக்ஸில் பாதிப் பாடம் தெரியும்.

தோலின் இடத்துக்கு ரப்பர் வளையத்தைக் கொண்டுவந்து காப்புரிமை வாங்கியவர் டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன். 1937-ல் விண்ணப்பித்தார், 1939-ல் கிடைத்தது. அப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. வளையம் யாருக்கும் தெரிந்த சமாசாரம்தான். பள்ளம் எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்பதில்தான் சூட்சுமம். 2.62 மில்லிமீட்டர் தடிமன் உள்ள வளையத்துக்குச் சுமார் 2.25 மில்லிமீட்டர் இடம் விட வேண்டும். அதாவது கொஞ்சம்போல நசுங்கினால் போதும். அகலமோ 3.6 மில்லிமீட்டர், அது நகர்ந்து உட்காரத் தாராளமாக இடம். எண்ணெய் தள்ளும்போது வளையம் பள்ளத்தின் ஓரத்துக்கு ஒதுங்கி, அங்கே பிதுங்கி, இடைவெளியை அடைக்கும். எண்ணெய் எவ்வளவு பலமாகத் தள்ளுகிறதோ அவ்வளவு பலமாக அடைக்கும். எதிராளியின் பலத்தில் பாதியை வாங்கிக்கொண்ட வாலி கதைதான். நான் முதலில் வெட்டிய பள்ளம் வளையத்தின் அளவுக்குக் கச்சிதமாக இருந்தது. "அளவெடுத்துத் தைத்த மாதிரி" என்று பெருமைப்பட்டேன். வாலிக்குத் திரும்பி நிற்கவே இடமில்லை.

பள்ளம் சரியான பிறகும் இரண்டாவது சிலிண்டர் ஒழுகியது. பிரித்துப் பார்த்தால், எண்ணெயில் கறுப்பாக ஏதோ மிதந்தது. நகம் வெட்டும்போது விழும் துண்டு மாதிரி, பிறை வடிவத்தில், இரண்டு மில்லிமீட்டர் நீளம். ஓ-ரிங்கின் தோல். எண்ணெய் வரும் குறுக்குத் துளையின் உள் விளிம்பில் பிசிறு எடுக்காமல் விட்டிருக்கிறேன். பிஸ்டனைத் தள்ளும்போது அந்த விளிம்பு கேரட் சீவுவதுபோல் வளையத்தைச் சீவிவிட்டது. துளை போட்ட கையோடு பிசிறு எடுங்கள். சிலிண்டரின் வாயையும் சாய்வாகச் சீவிவிடுங்கள். ஓ-ரிங்கை அதே எண்ணெயில் தோய்த்து, முறுக்காமல் நுழையுங்கள். வாசலிலேயே அவசரப்படுத்தினால் அது வாழ்நாள் முழுக்க ஞாபகம் வைத்திருக்கும்.

எந்த எண்ணெய் என்பது மூன்றாவது சிலிண்டரின் கதை. சிறிய விமானங்களில் ஓடுவது 5606 என்ற எண்ணுள்ள சிவப்புக் கனிம எண்ணெய். அதற்கு நைட்ரைல் ரப்பர் வேண்டும். காரில் ஊற்றும் பிரேக் ஃப்ளூயிட் கிளைகால் வகை. அதற்கு ஈபிடிஎம் ரப்பர். பெரிய பயணிகள் ஜெட்டுகளில் ஓடும் ஸ்கைட்ரால் ஊதா நிறத்தில் இருக்கும், தோலில் பட்டால் எரியும். உங்களுக்கு அது வேண்டாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஓ-ரிங் தீர்ந்துபோக, பக்கத்துக் கார் உதிரிபாகக் கடையில் "பிரேக்குக்கு" என்று கேட்டு வாங்கிவந்தேன். பார்வைக்கு இரண்டும் கறுப்பு வளையம்தானே. மறுநாள் காலை பெடல் அசையவில்லை. ஈபிடிஎம் கனிம எண்ணெயில் ராத்திரி ஊறப்போட்ட உளுந்து மாதிரி உப்பி, பிஸ்டனைச் சிலிண்டரோடு ஆப்பு அடித்துவிட்டது. அதைச் சுத்தியலால் தட்டித்தான் எடுத்தேன். அதோடு அந்தச் சிலிண்டரும் பேனா ஸ்டாண்டு வரிசையில் சேர்ந்தது.

எண்ணெய் விஷயத்தில் இன்னொன்று. 5606 எளிதில் தீப்பிடிக்கும். அது ஆவியாகிப் பற்றும் வெப்பநிலைக்கு விதி சொல்லும் கீழ்வரம்பு 82 டிகிரி. 83282 என்ற செயற்கை எண்ணெயும் சிவப்புதான், அதே நைட்ரைலோடு ஒத்துப்போகும், ஆனால் அதற்கு 205 டிகிரி. மேலே சொன்ன ஒரு லிட்டர் வெந்நீரை நினைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

குழாய் வேலை சுலபம் என்பார்கள். கால் அங்குல 5052 அலுமினியக் குழாயை வெட்டி, நுனியைப் புனல்போல் விரித்து, நட்டால் இறுக்க வேண்டும். விமானத்தில் அந்தப் புனலின் சாய்வு 37 டிகிரி. வாகனக் கடைக் கருவி விரிப்பது 45 டிகிரி. எட்டு டிகிரிதானே என்று இறுக்கினால் ஓரத்தில் மட்டும் ஒட்டும், முதலில் ஒழுகும், பிறகு விரிசல் விடும். இதையெல்லாம் கவனமாகப் படித்துவிட்டுச் சரியான கருவி வாங்கினேன். குழாயை அளந்து, வெட்டி, வளைத்து, நுனியை வழவழப்பாக்கி, வாழ்க்கையிலேயே அழகான புனல் ஒன்றை விரித்தேன். ஒரு கீறல் இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து ரசித்துவிட்டு நிமிர்ந்தால் நட்டு மேசைமேல் இருக்கிறது. விரிப்பதற்கு முன்பே அதைக் குழாயில் கோர்த்திருக்க வேண்டும். இனி அது உள்ளே போகாது. இன்னொரு நுனி இருக்கிறதே என்பீர்கள். அதையும் விரித்தாகிவிட்டது.

மடக்குச் சக்கரம் வைத்த விமானமா? அப்படியானால் இதே பாடு, இன்னும் பல சிலிண்டரும் ஒரு மோட்டார் பம்புமாக. எண்ணெய் முழுக்கப் போனாலும் சக்கரம் தன் பாரத்தில் கீழே விழுந்து பூட்டிக்கொள்ள ஓர் அவசர வால்வு வையுங்கள். மேற்கொண்டு உங்களுக்குச் சொல்ல எனக்கு அருகதை இல்லை.

கடைசியில் ஏர் எடுப்பது. எண்ணெய் நசுங்காது, காற்று நசுங்கும். குழாயில் ஒரு குமிழி இருந்தாலும் பெடல் பஞ்சு மாதிரி இறங்கும். குமிழி மேலே போகத்தான் விரும்பும். அதன் விருப்பப்படி விடுங்கள்: சக்கரத்தின் அடியிலிருந்து எண்ணெயை மேல்நோக்கிப் பம்ப் செய்து, மேலே இருக்கும் சின்னத் தொட்டியில் குமிழி வந்து உடைவதை ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் யார் என்பது சொல்லாமலே விளங்கும்.

"வருதா?" என்றேன் கீழே படுத்துக்கொண்டு.

"வருதுங்க."

"எண்ணெயா, காத்தா?"

"ரெண்டுந்தான்."

"நிக்கிதா பாரு."

"எதுங்க நிக்கணும்?"

"காத்து."

"காத்து அப்பவே நின்னுபோச்சு. எண்ணெய்தான் நிக்கல."

எழுந்து பார்த்தேன். தொட்டி நிறைந்து வழிந்து, இருக்கையின் புதுத் துணி வழியாக இறங்கி, அவளுடைய கம்பளிச் சட்டையின் கைவரை சிவப்பு. அந்தச் சிவப்பு எந்தச் சோப்புக்கும் போகாது.

சோதனைக்கு வருவோம். நீங்கள் எதிர்பார்க்கும் உச்ச அழுத்தத்தில் ஒன்றரை மடங்கு ஏற்றிப் பூட்டிவிட்டு, ராத்திரி முழுக்க விடுங்கள். அடியில் வெள்ளை அட்டை விரித்துவையுங்கள். கசிவு எங்கே என்று கையால் தடவித் தேடாதீர்கள். ஊசித் துளையிலிருந்து அழுத்தத்தோடு வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், ஆபரேஷன் வரைக்கும் கொண்டுபோகும். இதை மட்டும் நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. அட்டையைக் காட்டித் தேடுங்கள்.

பதினோராவது சிலிண்டர். மாமா சத்தத்தைக் கேட்டு "இப்ப சிரிக்குது" என்றார். ஹோன் போட்டேன். நகம் எங்கும் தட்டவில்லை. நைட்ரைல், சரியான பள்ளம், பிசிறில்லாத துளை, 37 டிகிரி, நட்டு முதலிலேயே கோர்த்தது. இரவு ஒன்பது மணிக்கு அழுத்தம் ஏற்றிவிட்டுப் படுத்தேன். காலை ஆறு மணிக்கு அட்டை வெள்ளை. ஒன்பதுக்கு வெள்ளை. மதியம் சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றேகாலுக்கு ஒரு சொட்டு விழுந்தது.

எனக்கு இப்போது நான்கு மாஸ்டர் சிலிண்டர்கள் தேவை. உபயோகித்ததாக இருந்தாலும் சரி, கடையில் வாங்கியதாக இருக்க வேண்டும். வைத்திருக்கும் வாசகர்கள் தெரிவிக்கவும். பணமாக வேண்டாம் என்றால், என்னிடம் பதினொரு பேனா ஸ்டாண்டுகள் இருக்கின்றன.